பட்டியலில் இல்லாத பிள்ளை

 

இம்மாதப் பக்கம் ஒரு மார்க்கக் கேள்வியில் தொடங்கி, அரச அலுவலகப் படிவம் ஒன்றில் போய் நிற்கப் போகிறது. இரண்டுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு குழந்தை இருக்கிறது. அதுதான் தொடர்பு.

2023ஆம் ஆண்டில் ஒரு நாள். அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் விறாந்தையில் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். எங்கள் சோனகத் தெருவில் மீளக் குடியேறிப் பழைய இரும்பு வியாபாரம் செய்யும் இளைஞர் ஒருவர் வந்து ஓரமாக உட்கார்ந்தார். பிள்ளைகள் கலைந்து போகும்வரை காத்திருந்து, பிறகு மெல்லிய குரலில் கேட்டார்:

"மௌலவி, என்ட ஈரலில ஒரு துண்டை வெட்டி எடுத்து மகனுக்கு வைக்கலாம் எண்டு டொக்டர்மார் சொல்லுறாங்க. உம்மாவுக்குப் பயம். அல்லாஹ் தந்த உடம்பை வெட்டிக் குடுக்கிறது ஹராம் எண்டு ஆரோ சொல்லிப்போட்டாங்க. மார்க்கத்தில இதுக்கு இடமிருக்கா?"

மகனுக்கு அப்போது ஏழு மாதம். பிறந்த நாள் முதல் கண்ணும் உடம்பும் மஞ்சள். காலை வெயிலில் காட்டினால் போய்விடும் என்று அக்கம் பக்கத்தார் சொன்னதை நம்பி, இரண்டு மாதத்துக்கு மேல் வீட்டிலேயே வைத்திருந்து விட்டார்கள். பிள்ளையின் மலம் சுண்ணாம்பு போல வெளுத்துப் போயிருந்ததை உம்மா கண்டிருக்கிறார். அதற்கு ஒரு பொருள் உண்டென்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

நோய் இதுதான். ஈரலில் சுரக்கும் பித்தநீர் குடலுக்கு இறங்கும் குழாய்கள் சில குழந்தைகளுக்குப் பிறந்த சில வாரங்களிலேயே அடைபட்டு அழிந்து விடுகின்றன. வெளியே போக வழியில்லாத பித்தநீர் ஈரலுக்குள்ளேயே தேங்கி, ஈரலைக் கட்டையாக்கி விடுகிறது. பத்தாயிரம் முதல் இருபதாயிரம் பிறப்புகளில் ஒன்று என்ற கணக்கில் உலகமெங்கும் காணப்படும் நோய் இது. உம்மா செய்த பிழையாலோ, கண்ணூறாலோ வருவதல்ல. ஜப்பானில் மோரியோ கஸாய் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் 1950களில், ஈரலின் வாயிலிலேயே குடலை இணைத்துப் பித்தநீருக்கு வழி ஏற்படுத்தும் முறையொன்றைக் கண்டார். பிறந்து 60 நாட்களுக்குள் அதைச் செய்தால் பலன் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். நாள் போகப் போக அந்த வாய்ப்புக் குறைந்துகொண்டே போகும். இந்தப் பிள்ளைக்கும் கொழும்பில் அதைச் செய்து பார்த்தார்கள். ஆனால் நாள் கடந்து விட்டது. இனி ஈரலை மாற்றுவது ஒன்றே வழி என்ற நிலை.

ஆகவே தாய்மாரே, இந்தப் பக்கத்தில் வேறெதை மறந்தாலும் ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். பிறந்து இரண்டு வாரத்துக்குப் பிறகும் பிள்ளையின் மஞ்சள் மாறாவிட்டால், அல்லது மலம் வெளுத்துப் போனால், வெயிலை நம்பிக் காத்திராமல் அன்றே வைத்தியரிடம் காட்டுங்கள். தைவான் நாட்டில் மலத்தின் நிறங்களை அச்சிட்ட அட்டையொன்றைத் தாய்மாருக்குக் கொடுத்து, 2004 முதல் நாடு முழுவதும் இந்த நோயை நேரத்தோடு பிடிக்கிறார்கள். ஓர் அட்டை செய்யும் வேலை அது.

இனி அந்த இளைஞரின் கேள்விக்கு வருவோம்.

அரபுக் கல்லூரியில் நாங்கள் படித்த பழைய சட்ட நூல்களில் ஈரல் மாற்று என்ற பேச்சு இருக்க நியாயமில்லை. அறிஞர்கள் பிற்காலத்தில் கூடி ஆராய்ந்த விடயம் இது. கருத்து வேறுபாடும் இருந்தது. மனித உடலின் கண்ணியம் கருதி, ஒருவரின் உறுப்பை இன்னொருவருக்கு வைப்பது கூடாது என்று கூறிய பெரிய உலமாக்கள் நம் துணைக்கண்டத்தில் இருந்திருக்கிறார்கள். அவர்களை நாம் குறைத்துப் பேசலாகாது. ஆனால் முஸ்லிம் நாடுகளின் பொது அமைப்பான சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் கழகம் 1988 பெப்ரவரியில் ஜித்தாவில் கூடியபோது விரிவாக ஆராய்ந்து ஒரு தீர்மானத்துக்கு வந்தது. கொடுப்பவரின் உயிர் தங்கியிருக்கும் உறுப்பாக அது இருக்கக் கூடாது. கொடுப்பவர் புத்தி தெளிவோடு, தன் விருப்பத்தில் கொடுக்க வேண்டும். அவருக்கு ஏற்படும் பாதிப்பைவிடக் கிடைக்கும் நன்மை மிகைத்திருக்க வேண்டும். விற்பனை அறவே கூடாது. இந்த நிபந்தனைகளோடு உயிருள்ளவர் கொடுப்பது ஆகும் என்பதே அந்தத் தீர்மானத்தின் சாரம். நம் நாட்டில் மனித இழையங்களை மாற்றிப் பொருத்துவதற்கான சட்டம் அதற்கு முன்பே, 1987இல், 48ஆம் இலக்கச் சட்டமாக வந்திருந்தது.

ஈரலின் நிலை என்ன? அல்லாஹ் அதை வளரும் உறுப்பாகப் படைத்திருக்கிறான். சிறு குழந்தைக்கு வளர்ந்த ஒருவரின் ஈரலில் இடது பக்க ஓரப் பகுதி, ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு அல்லது அதற்குக் குறைவு, போதும். கொடுத்தவரிடம் மிஞ்சியது சில மாதங்களில் வளர்ந்து ஏறக்குறையப் பழைய அளவுக்கு வந்துவிடும். குழந்தையிடம் போன துண்டு குழந்தையோடு சேர்ந்து வளரும்.

இவ்வளவையும் சொன்ன பிறகு அவரிடம் இன்னொன்றும் சொன்னேன். "தம்பி, ஆகும் என்றால் கட்டாயம் என்று பொருளல்ல. ஆபத்தே இல்லை என்றும் பொருளல்ல. ஆயிரத்தில் ஒருவர் அளவுக்குக் கொடுப்பவரின் உயிருக்கே ஆபத்து வருவதாக மருத்துவர்கள் சொல்கிறார்கள். ஆயிரக்கணக்கில் இந்தச் சிகிச்சை செய்து பழகிய ஜப்பானில்கூட 2003இல் மகளுக்கு ஈரல் கொடுத்த ஒரு தாய் இறந்து போனார். நீங்கள் கொடுக்க முடியாமல் போனாலும் அல்லாஹ்விடம் குற்றவாளி இல்லை. உங்கள் மனைவியையோ வேறு யாரையோ இதற்கு நெருக்கவும் கூடாது. டொக்டர் சொல்வதை முழுதாகக் கேட்டு, இஸ்திகாராத் தொழுது முடிவெடுங்கள்."

அவர் சிரித்தார். "மௌலவி, முடிவு எப்பவோ எடுத்தாச்சு. உம்மாவுக்குச் சொல்ல ஒரு வார்த்தை வேணும். அதுக்குத்தான் வந்தன்."

இந்தச் சிகிச்சை வந்த வழியையும் கொஞ்சம் பார்ப்போம். 1963இல் அமெரிக்காவில் தோமஸ் ஸ்டார்ஸல் முதன்முதலாக மனிதருக்கு ஈரல் மாற்ற முயன்றார். இதே நோயுள்ள மூன்று வயதுக் குழந்தைக்குத்தான் அது நடந்தது. குழந்தை மேசையிலேயே இறந்தது. அவர் மனம் தளரவில்லை. 1967இல் வெற்றி கண்டார். ஆயினும் இறந்த குழந்தையின் ஈரல் கிடைத்தால்தான் உயிருள்ள குழந்தைக்கு வைக்கலாம் என்ற நிலையில், காத்திருந்தே மாண்ட பிஞ்சுகள் ஏராளம். 1989 ஜூலையில் அவுஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் ரஸல் ஸ்ட்ரோங் என்பவர் ஜப்பானியத் தாய் ஒருவரின் ஈரலில் ஒரு பகுதியை எடுத்து அவருடைய மகனுக்கு வைத்து வெற்றி கண்டார். அதோடு பெற்றோரே பிள்ளைக்குக் கொடுக்கும் வழி திறந்தது.

நமக்குப் பக்கத்துக் கதையும் உண்டு. 1998 நவம்பரில் காஞ்சிபுரத்தைச் சேர்ந்த சஞ்சய் கந்தசாமி என்ற 20 மாதக் குழந்தைக்கு, தந்தையின் ஈரலில் ஒரு பகுதி டெல்லி அப்பல்லோ மருத்துவமனையில் வைக்கப்பட்டது. இந்தியாவில் குழந்தைக்கு வெற்றியாக நடந்த முதல் ஈரல் மாற்று அதுவே. அந்தக் குழந்தை வளர்ந்து, படித்து, இன்று ஒரு டொக்டர். மயிலாடுதுறைக்கு அருகிலுள்ள கிளியனூரில் பிறந்த நம் சமுதாயத்து மைந்தர் முகமது ரேலா, 1997இல் லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில் பிறந்து ஐந்தே நாளான குழந்தைக்கு ஈரல் மாற்றி உலக சாதனைப் புத்தகத்தில் இடம்பெற்றார். இப்போது சென்னையில் அவர் பெயரிலேயே மருத்துவமனை நடக்கிறது. நம் நாட்டிலும் ராகமவிலுள்ள கொழும்பு வடக்குப் போதனா வைத்தியசாலையில் ஈரல் மாற்றுப் பிரிவு இயங்குகிறது.

நம் இளைஞரின் குடும்பம் சென்னைக்குப் போயிற்று. காணி ஈடு, நகை, கடன், பள்ளிவாசல் வசூல், வெளிநாட்டிலுள்ள உறவினர் அனுப்பியது, அயலில் உள்ள தமிழ்ச் சகோதரர்கள் கடைத்தெருவில் சேர்த்துக் கொடுத்தது என எல்லாம் சேர்ந்தது. உம்மாவின் இரத்த வகை பொருந்தவில்லை. வாப்பாதான் கொடுத்தார். அல்ஹம்துலில்லாஹ், இருவரும் உயிரோடு திரும்பி வந்தார்கள். பிள்ளையின் கண்ணில் முதன்முறையாக வெள்ளையைக் கண்டு பாட்டி அழுததை நான் நேரில் பார்த்தேன்.

வழக்கமாக நம் சஞ்சிகைகளில் இந்தக் கதை இங்கே முடிந்து விடும். நாங்களும் அப்படித்தான் எண்ணினோம். வசூல் செய்தோம், துஆச் செய்தோம், பிள்ளை பிழைத்தது, இனி என்ன?

இனித்தான் இருக்கிறது. மாற்றி வைத்த ஈரலை உடம்பு அந்நியன் என்றே கருதும். அதை எதிர்த்து அழிக்க முற்படும். அந்த எதிர்ப்பை அடக்கி வைக்க நாள் தவறாமல், நேரம் தவறாமல் மருந்து கொடுக்க வேண்டும். இன்றைக்கு நாளைக்கு அல்ல, பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும். மருந்து கூடினால் சிறுநீரகத்துக்குக் கேடு. குறைந்தால் ஈரலுக்குக் கேடு. ஆகவே இரத்தத்தில் மருந்தின் அளவை அடிக்கடி பார்க்க வேண்டும். எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைத்திருப்பதால், மற்றப் பிள்ளைக்கு இரண்டு நாள் காய்ச்சலாக வருவது இந்தப் பிள்ளைக்கு வைத்தியசாலை வாசமாகி விடும். சில தடுப்பூசிகளைப் போட முடியாது. கிளினிக் நாள் வந்தால் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு இரவு பஸ்ஸில் ஏறி நானூறு கிலோமீற்றர் அளவில் போய்வர வேண்டும். அரச வைத்தியசாலையில் மருந்து இலவசம்தான். ஆனால் இல்லாத நாளில் வெளியே வாங்கத்தான் வேண்டும். 2022இல் நாடு மருந்துக்குத் தவித்ததை நாம் மறக்கவில்லை. வாப்பாவோ வயிற்றில் வெட்டுத் தழும்போடு பல மாதம் பாரம் தூக்க முடியாமல் இருந்தார். இரும்பு வியாபாரிக்குப் பாரம் தூக்காமல் தொழில் ஏது?

மகனுக்கு ஏதாவது கொடுப்பனவு கிடைக்குமா என்று ஓர் அலுவலகத்தில் விசாரிக்க அவர் போனார். நானும் கூடப் போனேன். அங்கிருந்த உத்தியோகத்தர் நல்ல மனிதர்தான். கடிதங்களைப் பார்த்தார். வாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற பிள்ளையைப் பார்த்தார். படிவத்தைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "கண் தெரியுது, காது கேக்குது, கை கால் நல்லா இருக்கு. பிள்ளை ஓடித் திரியுது. இதில நான் எந்த இடத்தில போடுறது?"

அவர்மீது எனக்குக் கோபமில்லை. யாழ்ப்பாணத்தில் வலுவிழந்தோர் என்றதும் நம் கண்முன் வருவது யுத்தத்தில் கால் இழந்தவர்கள்தான். 1987 முதல் செயற்கைக் கால் செய்து கொடுத்துவரும் யாழ். ஜெய்ப்பூர் நிலையம், காது கேளாத பிள்ளைகளுக்கான கைதடி நவீல்ட் பாடசாலை, பார்வையற்றோருக்கான சுன்னாகம் வாழ்வகம் ஆகியவற்றின் சேவை அளப்பரியது. நம் மனமும் அந்தப் படிவம் போலவே ஆகிவிட்டது. கண்ணுக்குத் தெரியும் குறையைத்தான் குறை என்று எழுதிக்கொள்கிறது. சட்டைக்குள் இருக்கும் தழும்பை அது பார்ப்பதில்லை.

அன்று வீடு திரும்பும்போது எனக்கு உமர் (ரலி) அவர்களின் நினைவு வந்தது.

அவர்களுடைய ஆட்சியில் பிள்ளைகளுக்குப் பைத்துல் மாலிலிருந்து உதவித்தொகை கொடுக்கப்பட்டு வந்தது. பால் மறந்த பிள்ளைக்கே அது உரியது என்பது விதி. ஒரு நாள் மதீனாவுக்கு வெளியே வியாபாரிகளின் கூட்டமொன்று வந்து தங்கியது. அவர்களுக்குக் காவலாக உமரும் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களும் இரவு விழித்திருந்தார்கள். ஒரு குழந்தை அழுதுகொண்டே இருந்தது. கலீஃபா ஒன்றுக்கு மூன்று தடவை போய்த் தாயிடம் பிள்ளையைக் கவனிக்கும்படி சொன்னார்கள். அழுகை நிற்கவில்லை. வந்திருப்பவர் யாரென்று அறியாத அந்தத் தாய் கடைசியில் உண்மையைச் சொன்னார். பால் மறந்த பிள்ளைக்குத்தான் உமர் பணம் கொடுக்கிறார், அதனால் காலத்துக்கு முன்பே பாலை நிறுத்திப் பழக்குகிறேன் என்றார். பிள்ளைக்குச் சில மாதங்களே ஆகியிருந்தன. அன்றைய ஃபஜ்ர் தொழுகையில் கலீஃபாவின் ஓதல் அழுகையில் கலந்து மக்களுக்கு விளங்காமல் போயிற்று. தொழுது முடித்ததும் விதியை மாற்றினார்கள். இனிப் பிறந்த நாள் முதலே பிள்ளைக்கு உதவித்தொகை என்று எல்லா ஊர்களுக்கும் எழுதினார்கள்.

இந்தச் சம்பவத்தைக் கலீஃபாவின் இரக்கத்துக்குச் சான்றாக நாம் சொல்வோம். அது சரிதான். ஆனால் அதில் இன்னொரு பாடமும் இருக்கிறது. உமரின் விதி நல்ல விதி. நல்ல நோக்கத்தில் வந்த விதி. ஆனாலும் அது போட்ட கோட்டுக்கு வெளியே ஒரு குழந்தை நின்று அழுதது. அந்தத் தாய்க்கு மட்டும் ஒரு கைப்பிடி திர்ஹம் கொடுத்துவிட்டு உமர் போயிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. கோட்டையே நகர்த்தினார்கள். தர்மம் ஒரு பிள்ளையின் அழுகையை நிறுத்தும். விதி மாறினால் காணாத பிள்ளைகளின் அழுகையும் நிற்கும்.

இந்தக் கோட்டை இந்தக் காலத்தில் நகர்த்திய நாடு ஒன்று உண்டு. அது ஜப்பான். மூளைச்சாவு அடைந்தவரின் உறுப்பை எடுக்க அங்கே 1997 வரை தனிச் சட்டம் இருக்கவில்லை. அதனால் 1989 முதல் பெற்றோர் பிள்ளைக்கு ஈரல் கொடுப்பதே அங்கு பெருவழியாயிற்று. 1998இல் குழந்தைகளுக்கான இந்தச் சிகிச்சையை அரசு மருத்துவக் காப்புறுதிக்குள் கொண்டுவந்தது. அதோடு நிற்கவில்லை. 1949இல் வந்த அந்நாட்டு வலுவிழந்தோர் நலச் சட்டம், ஆரம்பத்தில் நம் படிவம் போலவே கண், காது, பேச்சு, கை கால் என்றுதான் பார்த்தது. பின்னர் 1967இல் இதயமும் சுவாசமும், 1972இல் சிறுநீரகமும் என உள்ளுறுப்புகளும் ஒவ்வொன்றாகச் சேர்க்கப்பட்டன. 2010 ஏப்ரல் முதல் ஈரலும் சேர்ந்தது. ஈரல் மாற்றப்பட்டு எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து எடுப்பவர் அங்கே முதலாம் தரத்தில் வைக்கப்படுகிறார். அவர் நடக்கிறாரா, ஓடுகிறாரா என்று பார்ப்பதில்லை. அந்த மருந்து நின்றால் என்ன ஆகும் என்று பார்க்கிறார்கள். ஓடித் திரியும் பிள்ளை என்பதால் பட்டியலிலிருந்து தள்ளவில்லை. எதனால் ஓடித் திரிகிறது என்று கேட்டார்கள்.

இந்தியாவில் 2016இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் முன்பிருந்த 7 வகைகளை 21 ஆக்கியது. தலசீமியா, ஹீமோஃபிலியா போன்ற இரத்த நோய்கள்கூட அதில் இடம்பெற்றன. இவையும் வெளியில் தெரியாத குறைகள்தாம். ஆனால் ஈரல் அந்தப் பட்டியலிலும் இல்லை. எனினும் தமிழ்நாட்டில் முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஈரல் மாற்றுச் சிகிச்சை உண்டு. கடல் கடந்து போகும் நமக்கு அது கிடைக்காது.

நம் நாட்டில் வலுவிழந்தோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் 28ஆம் இலக்கச் சட்டம் 1996இல் வந்தது. தேசியக் கொள்கை 2003இல் வந்தது. ஐ.நா. உடன்படிக்கையை 2016இல் நாடு ஏற்று உறுதி செய்தது. 1996ஆம் ஆண்டுச் சட்டம் கையையும் காலையும் மட்டும் பேசவில்லை. பிறவியிலோ பின்னரோ வந்த உடற்குறையால் அல்லது உளக்குறையால் தன் வாழ்க்கைத் தேவைகளை முழுதாகவோ ஓரளவோ தானே நிறைவேற்ற இயலாதவர் என்று பரந்த பொருளிலேயே சொல்கிறது. சட்டத்தின் வாசல் அகலம். கொடுப்பனவின் வாசல்தான் ஒடுக்கம்.

அதிலும் ஒரு நல்ல முன்னுதாரணம் நம்மிடமே உண்டு. அஸ்வெசும நலன்புரித் திட்டத்தின் கீழ் வலுவிழந்தோர், முதியோர் ஆகியோரோடு சிறுநீரக நோயாளருக்கும் தனிக் கொடுப்பனவு இருக்கிறது. 2025ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் வலுவிழந்தோருக்கும் சிறுநீரக நோயாளருக்கும் மாதம் 7,500 ரூபாயாக இருந்தது 10,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. வடமத்திய மாகாணத்து விவசாயிகளைச் சிறுநீரக நோய் வாட்டியபோது, அந்தத் துயரைக் கண்டு நாடு பட்டியலில் ஒரு புதிய வரியைச் சேர்த்தது. அப்படியானால் உள்ளுறுப்பு நோயைப் பட்டியலில் சேர்க்க முடியாது என்று யாரும் சொல்ல இயலாது. சிறுநீரகத்துக்கு எழுதிய வரிக்குக் கீழே ஈரலுக்கும் ஒரு வரி எழுத வேண்டும், அவ்வளவுதான். உறுப்பு மாற்றப்பட்ட குழந்தைகள் தொகையில் குறைவு. அவர்கள் கூட்டமாக அழுவதில்லை. அதனாலேயே யாரும் கேட்பதில்லை.

பட்டியலில் பெயர் இல்லாமல் போவது என்னவென்று நம் யாழ்ப்பாண முஸ்லிம்களுக்குத் தனியே சொல்லித்தர வேண்டுமா? 1990 ஒக்டோபர் 30இல் இரண்டு மணித்தியால அவகாசத்தில் வெளியேறியவர்கள் நாங்கள். நான் அப்போது சிறுவன். புத்தளத்து முகாமில் பங்கீட்டு அட்டைக்கு வரிசையில் நின்று வளர்ந்த தலைமுறை. திரும்பி வந்த பிறகும் பதிவில் பெயரில்லை என்று ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்கியவர்கள். பசியைவிடக் கசப்பானது பட்டியல் என்று எங்கள் உம்மா சொல்வார்.

இத்தனை சொன்ன பிறகும் ஒரு தடை இருக்கிறது. அது அலுவலகத்தில் இல்லை. நம் வீட்டில் இருக்கிறது. இந்த முயற்சியைக் கேள்விப்பட்ட பிள்ளையின் பாட்டி என்னிடம் கோபித்துக்கொண்டார். "சுகமாகி வந்த பிள்ளைக்கு ஏன் மௌலவி ஊனம் எண்டு பேப்பர் எடுக்கிறீங்க? நாளைக்கு இவனுக்கு ஆர் பொண்ணு குடுப்பாங்க?"

அவருடைய அச்சத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. நம் சமூகம் அந்தச் சொல்லை இழிவாகவே வழங்கி வந்திருக்கிறது. ஆனால் பாட்டியிடம் நான் கேட்டேன்: "அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) கண் தெரியாதவர். அதை யாரும் மறைக்கவில்லை. அதற்காக யாரும் அவரை ஒதுக்கவும் இல்லை. மதீனாவில் அவர் பாங்கு சொன்னார். நபி (ஸல்) அவர்கள் பயணம் போனபோது மதீனாவின் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்துப் போனார்கள். அவர் முகம் சுளிக்கப்பட்டதற்காக ஒரு சூராவே இறங்கியது. அவரைவிட நம் பிள்ளை மானம் கூடியவனா, உம்மா?" பின்னாளில் உமையா கலீஃபா வலீத், பார்வையற்றவருக்கு வழிகாட்டியையும் நடக்க இயலாதவருக்குப் பணியாளரையும் அரச செலவில் கொடுத்தார் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். அதைப் பெற்றவர்களை யாரும் இழிவாக எண்ணியதாக எழுதவில்லை. தேவையைச் சொல்வது இழிவல்ல. உரிமையைக் கேட்பது பிச்சையல்ல.

பாட்டி பதில் சொல்லவில்லை. தேநீர் கொண்டுவந்து வைத்தார். அதை நான் சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

இனி, நம்மால் செய்யக்கூடியவை.

பெற்றோருக்கு: விசேட வைத்திய நிபுணரிடம் கடிதம் கேட்கும்போது நோயின் பெயரை மட்டும் எழுத வைக்காதீர்கள். வாழ்நாள் மருந்து, அடிக்கடி பரிசோதனை, தொற்றுக்கு அஞ்சி விலக வேண்டியவை, கூட ஒருவர் இருக்க வேண்டிய தேவை, இவற்றையெல்லாம் எழுதித்தரக் கேளுங்கள். உத்தியோகத்தர் கண்ணால் காண முடியாததை அந்தக் கடிதம் காட்டும். ஜனாதிபதி நிதியம் ஈரல் மாற்றுச் சிகிச்சைக்கும் உதவுகிறது. 2025 பெப்ரவரி முதல் அதற்குரிய விண்ணப்பத்தைப் பிரதேச செயலகத்திலேயே கொடுக்கலாம். கொழும்புக்கு அலையத் தேவையில்லை. சிகிச்சைக்கு நாள் குறிக்கும் முன்பே போய் விசாரியுங்கள்.

பள்ளிவாசல் நிர்வாகிகளுக்கு: ஒரு ஜும்ஆவில் துண்டு விரித்து வசூலித்துக் கொடுப்பதோடு கடமை முடிந்ததாக எண்ண வேண்டாம். அந்தப் பணம் சத்திரசிகிச்சையோடு தீர்ந்து விடும். மருந்து தீராது. சிகிச்சைக்காகக் கடன்பட்டு மீள முடியாதவர் ஸகாத் பெறும் எட்டு வகையினரில் கடனாளி என்ற வகையில் வருகிறார். மாதந்தோறும் ஒரு சிறு தொகையை ஒதுக்குங்கள். ஈரல் கொடுத்த வாப்பாவோ உம்மாவோ தொழிலுக்குத் திரும்பும்வரை அந்த வீட்டு அடுப்பையும் கவனியுங்கள். கொடுத்தவரும் ஒரு நோயாளியே. வாழ்த்துச் சொல்கிறோம், சோறு போட மறந்து விடுகிறோம்.

ஆசிரியர்களுக்கு: இப்படி ஒரு பிள்ளை உங்கள் வகுப்பில் இருந்தால், மருந்து நேரத்தைக் குறித்து வைத்திருங்கள். வகுப்பில் யாருக்காவது அம்மையோ காய்ச்சலோ வந்தால் அன்றே பெற்றோருக்கு அறிவியுங்கள். வரவு குறைந்ததென்று பிள்ளையை வாசலில் நிறுத்தாதீர்கள்.

அரசியல் பிரதிநிதிகளுக்கும் அதிகாரிகளுக்கும் சொல்ல ஒன்றே ஒன்றுதான். சிறுநீரகத்துக்குத் திறந்த கதவை ஈரலுக்கும் திறவுங்கள். உறுப்பு மாற்றப்பட்டு வாழ்நாள் மருந்தில் இருக்கும் குழந்தைகளை, எந்த ஊரைச் சேர்ந்தவர்களானாலும், எந்த மொழி பேசுபவர்களானாலும், பட்டியலில் ஒரு வகையாகச் சேருங்கள். அந்த வரியை எழுதப் பெரிய பணம் தேவையில்லை. ஓர் இரவு விழித்திருந்து, அழுகை எங்கிருந்து வருகிறது என்று கேட்கும் காது தேவை.

ஓர் உயிரை வாழ வைப்பதன் சிறப்பை சூரா அல்மாயிதாவின் 32ஆம் வசனத்தில் நாமெல்லோரும் ஓதுகிறோம். வாழ வைப்பது என்றால் ஒரு நாள் காரியமா? வாப்பா தன் ஈரலில் ஒரு பகுதியைக் கொடுத்துத் தன் பங்கைச் செய்துவிட்டார். மிச்சப் பங்கு நம்முடையது.

அந்தப் பிள்ளை இப்போது முன்பள்ளிக்குப் போகிறான். மாலையில் வாப்பாவின் சைக்கிளில் பள்ளிவாசலுக்கு வந்து, அலிஃப், பா என்று உரத்துச் சொல்கிறான். மருந்து நேரம் வந்ததும் வாப்பாவின் கைத்தொலைபேசி ஒலிக்கும். ஓதுவதை நிறுத்திவிட்டு வாயைத் திறந்து நிற்பான். அவர்களுடைய விண்ணப்பம் இன்னும் அலுவலகத்தில் இருக்கிறது. அந்த உத்தியோகத்தர் அதைத் திருப்பி அனுப்பவில்லை. மேலிடத்துக்கு எழுதிக் கேட்டிருப்பதாகச் சொன்னார். அல்லாஹ் அவருக்கு அருள் புரிவானாக. உங்கள் துஆவில் அந்தப் பிள்ளையையும் அந்த வாப்பாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் சந்திப்போம். வஸ்ஸலாம்.